ரெனிட்டா விட்டுவைத்த வளையம்

முப்பத்திரண்டு வருஷம் இன்ஷூரன்ஸ் ஆபீசில் உட்கார்ந்து, கார் விபத்து மனுக்களைப் படித்து, எழுதினவர் எந்த இடத்தில் பொய் சொல்லியிருக்கிறார் என்று சிவப்பு மையில் சுழித்தவன் நான். ஓய்வு பெற்று ஆறு வருஷம் ஆகிறது. சிவப்பு மை மட்டும் இன்னும் ஓயவில்லை. காய்காரர் தராசைத் தட்டிப் பார்ப்பேன். தண்ணீர் லாரி வந்தால் குச்சியை விட்டு ஆழம் அளப்பேன். என் மனைவி மதுமதி, “உங்களுக்குப் பென்ஷனோட சந்தேகத்தையும் சேர்த்துக் குடுத்துட்டா” என்பாள். மயிலாப்பூரில், கிழக்கு மாட வீதிக்குப் பின்னால் உள்ள எங்கள் பன்னிரண்டு வீட்டுக் குடியிருப்பின் சங்கச் செயலாளர் பதவி எனக்குக் கிடைத்ததும் இந்தக் குணத்தால்தான். வேறு யாருக்கும் அவ்வளவு சண்டை போடத் தெம்பு இல்லை.

அப்படிப்பட்ட நான் ஒரு பெண்மணியைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுத உட்கார்ந்திருக்கிறேன். பெயர் ரெனிட்டா. வயது நாற்பத்தொன்று. சாந்தோமில், மாதா கோயில் மணி அடித்தால் வீட்டுப் பாத்திரம் அதிரும் தூரத்தில் வீடு. தொழில், காரில் விழுந்த பள்ளத்தை எடுப்பது. ஆனால் பட்டி பார்க்க மாட்டார், பெயின்ட் அடிக்க மாட்டார். உள்பக்கமிருந்து கம்பியை விட்டு, தகட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளித் தள்ளி, கம்பெனியிலிருந்து வந்தபோது எப்படி இருந்ததோ அப்படியே கொண்டுவந்து நிறுத்துவார்.

நான் அவரைத் தேடிப் போனதற்குக் காரணம் என் கார். கருநீலம், வாங்கி நாலு மாசம். பங்குனி உற்சவத்தில் அறுபத்துமூவர் வீதியுலா நடந்ததற்கு மறுநாள் காலை, துடைக்கப் போனவன் பானட்டில் ஒரு பள்ளத்தைப் பார்த்தேன். சாப்பாட்டுத் தட்டு அகலம்.

எனக்கு விசாரணை என்று ஒன்று தேவைப்படவே இல்லை. முந்தின நாள் மத்தியானம் எங்கள் சந்தில் எள் போட்டால் எள் விழாத கூட்டம். கேட்டுக்கு உள்ளேதான் கார் நின்றது. எங்கள் வாட்ச்மேன் மாணிக்கவாசகம் கேட்டை விட்டுக் கொஞ்ச நேரம் எங்கோ போயிருந்தார். அதை நானே என் கண்ணால் பார்த்தேன். அந்த நேரத்தில் எவனோ உள்ளே புகுந்து, சாமி பார்க்கிறேன் என்று பானட்டில் ஏறி உட்கார்ந்திருக்கிறான். கணக்கு முடிந்தது.

“சார், டம்ளர் எடுக்கத்தான் சார் மேல போனேன்” என்றார் மாணிக்கவாசகம்.

“காரணம் சொல்லாதே. கேட்டை விட்டுப் போனியா இல்லையா?”

“போனேன் சார்.”

அவ்வளவுதான். அன்றைக்கே மூன்று பக்கத்தில் ஒரு கடிதம் தட்டி, குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். ‘பொறுப்பற்ற’, ‘கடமை தவறிய’, ‘நிரந்தரமாக நீக்க வேண்டிய’ என்று எனக்குப் பிடித்த சொற்கள் எல்லாம் அதில் இருந்தன. ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டம், அதில் முடிவு என்று தலைவி அனுப்ரியா பதில் போட்டாள். மாணிக்கவாசகத்துக்கு ஐம்பத்தெட்டு வயது. ஆதம்பாக்கத்தில் வீடு, வேளச்சேரி வந்து ரயில் பிடித்து மந்தைவெளியில் இறங்கி நடந்து வருவார். பதினோரு வருஷமாக எங்கள் கேட்டில்தான் இருக்கிறார். பையன் நந்தனத்தில் கல்லூரியில் படிக்கிறான். இந்த வயதில் இங்கே போனால் இன்னொரு கேட் கிடைக்காது என்று மதுமதி சொன்னாள். அது சங்கத்தின் பிரச்சினை அல்ல என்று நான் சொன்னேன்.

ரெனிட்டாவின் நம்பரை அனுப்ரியாதான் கொடுத்தாள். போனில் நான் முழு விவரமும் சொல்ல ஆரம்பித்தேன். அந்தம்மா நடுவில் வெட்டி, “எது பட்டுச்சு சார்?” என்றார்.

“ஒரு வாட்ச்மேனோட அலட்சியம்.”

“அது எவ்ளோ வெயிட் இருக்கும் சார்?”

எனக்குச் சுரீரென்றது. ஆனாலும் சனிக்கிழமை காலை வரச் சொன்னேன். வேலை தெரிந்தவர்களின் திமிரை நான் ஓரளவு பொறுத்துக்கொள்வேன்.

சனிக்கிழமை ஒன்பதரைக்கு ஒரு பழைய சாம்பல் நிற ஸ்கூட்டர் கேட்டில் வந்து நின்றது. பின்சீட்டில் கிரிக்கெட் மட்டை வைக்கிற நீளப் பை. அதைப் பிரித்தால் உள்ளே முப்பது நாற்பது இரும்புக் கம்பிகள்; நுனி வளைந்தது, தட்டையானது, கொக்கி போட்டது, என் விரல் தடிமன், ஊசி தடிமன் என்று வகைவகையாக. போலீஸ் பார்த்தால் வண்டியை ஓரம் கட்டச் சொல்லாதா என்று கேட்டேன்.

“சொல்வாங்க சார். ஒரு தடவ அடையாறு சிக்னல்ல நிறுத்தி, எந்த வீட்டு பூட்டுக்கும்மா இதுன்னு கேட்டாரு. அவரு ஜீப்புலயே கதவுல ஒரு பள்ளம் இருந்துச்சு. அங்கயே எடுத்துக் காட்டினேன். அப்புறம் சல்யூட்டே வெச்சுட்டாரு.”

கம்பிகளை எடுத்து அடுக்கும்போது ரெனிட்டா பேசிக்கொண்டே இருந்தார். நான் கேட்டதைவிட அதிகம் சொன்னார். அப்பா பவுல்சாமி டிராயிங் மாஸ்டர். அம்மா மர்சலின் கணக்கு டீச்சர். தம்பி நோயல் கம்ப்யூட்டர் டீச்சர். இரண்டு அத்தைகள், ஒரு சித்தப்பா, எல்லாரும் டீச்சர். வீட்டில் சாப்பாடு பரிமாறும்போதுகூடக் கையைத் தூக்கித்தான் குழம்பு கேட்க வேண்டும் என்றார். இவரும் பி.எட். சேர்ந்தார். பயிற்சிக்கு ஒரு பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார்கள். மூன்றாவது வாரம் எழுந்து வந்துவிட்டார்.

“நாப்பத்தெட்டுப் பிள்ளைங்க ஒரே நேரத்துல பேசுறாங்க சார். பள்ளம் பாருங்க, கம்முனு இருக்கும். நாம போய்க் கேட்டாத்தான் பேசும்.”

அதற்குப் பிறகு ஒரு கார் ஷோரூமில் வரவேற்பில் உட்கார்ந்திருக்கிறார். புதுக் கார்களை இறக்கும்போது விழுகிற சின்னச் சின்னப் பள்ளங்களை எடுக்கப் பெங்களூரிலிருந்து ஒருவர் மாசத்துக்கு ஒருமுறை வருவாராம். எல்லாரும் காபி குடிக்கப் போகும்போது இவர் மட்டும் அவர் பின்னால் நின்று பார்த்திருக்கிறார். அப்புறம் சேர்த்து வைத்திருந்ததை எடுத்துக்கொண்டு பெங்களூர் போய், ஆறு வாரம் பயிற்சி. திரும்பி வந்து புதுப்பேட்டை பழைய கார்ச் சாமான் கடையில் ஒரு பானட் வாங்கி, ஆட்டோவில் கட்டி, வீட்டுக்குக் கொண்டுவந்து கட்டிலில் போட்டிருக்கிறார். மர்சலின் டீச்சர் இரண்டு நாள் பேசவில்லை.

பள்ளம் எடுத்துப் பழக வேண்டுமென்றால் முதலில் பள்ளம் வேண்டும் அல்லவா? தானே சுத்தியால் போட்டுத் தானே எடுப்பாராம். முதல் வருஷம் மூன்று பானட் நாசம். அதிகமாகத் தள்ளினால் பள்ளம் மேடாகிவிடும். மேட்டைத் தட்டினால் திரும்பப் பள்ளம். “பொறுமை போயிட்டா தகடு செத்துடும் சார்” என்றார். நாலாவது பானட்டில் வேலை பிடிபட்டது. இப்போதும் அந்த பானட் வீட்டுச் சுவரில் சாய்ந்திருக்கிறது. மர்சலின் டீச்சருக்கு யார் மேலாவது கோபம் வந்தால் தோசைக் கரண்டியால் அதில் ஒரு போடு போடுவார். ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் ரெனிட்டா அந்தப் பள்ளத்தை எடுத்துவிடுவார். குடும்பத்தில் இப்போது எல்லாரும் சௌக்கியம். சொந்தக்காரர்களிடம் மட்டும் அம்மா இன்றும் “அவ கார் கம்பெனியில இருக்கா” என்றுதான் சொல்கிறாராம்.

பேச்சு நடக்கும்போதே ரெனிட்டா ஒரு விளக்குப் பலகையை எடுத்தார். அகலமான பலகை, உள்ளே விளக்கு, மேலே கறுப்புக் கோடுகள். அதைக் காருக்குப் பக்கத்தில் பிடித்தால் கோடுகள் பெயின்டில் தெரியும். நல்ல இடத்தில் கோடு நேராக ஓடும். பள்ளத்தில் வளையும். பலகையைப் பிடிக்க ஆள் வேண்டியிருந்தது. கேட்டில் நின்ற மாணிக்கவாசகத்தைப் பார்த்து, “அண்ணே, கொஞ்சம் புடிக்கிறீங்களா?” என்றார்.

“அவன்கிட்ட குடுக்காதேம்மா” என்றேன். “இவனாலதான் இந்தப் பள்ளமே.”

ரெனிட்டா ஒரு வினாடி என்னைப் பார்த்தார். பிறகு மாணிக்கவாசகத்தைப் பார்த்தார். “ஒரு பத்து நிமிஷம் மட்டும்ணே” என்று பலகையை அவர் கையிலேயே கொடுத்துவிட்டார். மாணிக்கவாசகம் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடி நின்றார்.

அந்தப் பத்து நிமிஷமும் ரெனிட்டா காரைத் தொடவே இல்லை. குனிந்து பார்த்தார். உட்கார்ந்து பார்த்தார். பலகையை இந்தப் பக்கம் தள்ளச் சொன்னார், அந்தப் பக்கம் தள்ளச் சொன்னார். பேச்சும் நின்றுவிட்டது. எதனால் விழுந்தது என்று தெரிந்தால்தான் எந்த வரிசையில் தள்ளுவது என்று தெரியுமாம். கடைசியில் அமுங்கினதை முதலில் எழுப்ப வேண்டும். முதலில் அமுங்கினது கடைசியில்தான் வரும்.

அந்த நேரம் தண்ணீர் லாரி வந்து ஹாரன் அடித்தது. மாணிக்கவாசகம் பலகையைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கேட்டைத் திறக்க ஓடினார்.

“யார் உட்கார்ந்தான்னு தெரியறதா?” என்று கேட்டேன். “ஆம்பளையா, பொம்பளையா, எத்தனை பேர்? எழுதிக் குடுத்தா நாளைக்கு மீட்டிங்ல வெச்சுடுவேன்.”

“யாருன்னு நான் சொல்றதில்ல சார். அது ஒரு ரூலு.”

ரூல் வந்த கதையையும் சொன்னார். தொழிலுக்கு வந்த புதிதில் அடையாறில் ஒரு வீடு. கணவர், ஆபீஸ் பார்க்கிங்கில் எவனோ இடித்துவிட்டான் என்று சொல்லியிருந்தார். இவர் கதவைப் பார்த்துவிட்டு, வெகுளியாக, “இல்ல சார், இது இரும்பு கேட். பச்சை பெயின்ட் ஒட்டியிருக்கு” என்றிருக்கிறார். பக்கத்தில் நின்ற மனைவிக்கு உடனே புரிந்துவிட்டது. போகவே மாட்டேன் என்று கணவர் சத்தியம் செய்திருந்த நாத்தனார் வீட்டு கேட் பச்சை. “நான் அந்தப் பள்ளத்த எடுத்து முடிக்கிற வரைக்கும் உள்ள பாத்திரம் விழுந்துட்டே இருந்துச்சு சார். அன்னையிலேருந்து எதுன்னு மட்டும்தான் சொல்வேன், யாருன்னு சொல்லமாட்டேன்.”

“சரி, எது?”

ரெனிட்டா பானட்டைத் திறந்தார். முன்கண்ணாடிக்குக் கீழே, மழைத்தண்ணீர் வடிகிற இடுக்கில் விரலை விட்டு எதையோ எடுத்தார். உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். காய்ந்து சுருண்ட கறிவேப்பிலை ஒன்று. பக்கத்தில் ஒட்டிக்கொண்டு ஒரு இஞ்சித் துண்டு.

“உங்க வீட்டு மோர்ல இஞ்சி போடுவீங்களா சார்?”

எனக்குப் பெருமை தாங்கவில்லை. “இஞ்சி, கறிவேப்பிலை, பெருங்காயம், ஒரு கீறு பச்சமிளகாய். பத்து வருஷமா அறுபத்துமூவருக்கு எங்காத்து மோர்தான் இந்தச் சந்துல. ரெண்டு அண்டா. க்யூல நின்னு குடிப்பா.” சொல்லிவிட்டு உடனே சுதாரித்தேன். முப்பத்திரண்டு வருஷ சர்வீஸ் சும்மா போகுமா? “உட்கார்ந்தவன் கையில டம்ளர் இருந்திருக்கும். சிந்தியிருப்பான்.”

“இருக்கலாம் சார்” என்றார் ரெனிட்டா. பானட்டை மூடி, விளக்குப் பலகையைத் தாழ்வாக வைத்தார். “இப்படிக் குனிஞ்சு பாருங்க.”

குனிந்து பார்த்தேன். வெறும் கண்ணுக்கு ஒரே பள்ளமாகத் தெரிந்தது, அந்தக் கோடுகளில் வேறு மாதிரி இருந்தது. தட்டு அகலப் பள்ளத்தைச் சுற்றி, அதைவிடப் பெரிதாக, மெல்லிசாக ஒரு வட்டம். காம்பஸ் வைத்துப் போட்ட மாதிரி.

“மனுஷன் உக்காந்தா இப்படி வராது சார். இது அடி வட்டமா இருக்கிற ஏனம். முப்பது நாப்பது கிலோ இருக்கும். கீழ துணி போட்டிருக்காங்க, அதான் பெயின்ட்ல கீறல் இல்ல. டிரைவர் பக்கம் முதல்ல எறங்கியிருக்கு, பொத்துனு. இந்தப் பக்கம் அப்புறம்தான் எறங்கியிருக்கு, மெதுவா. ரெண்டு பேர் தூக்கியிருக்காங்க. ஒருத்தர் யோசிக்காம வெச்சிருக்காரு. இன்னொருத்தர் தயங்கித் தயங்கி வெச்சிருக்காரு.”

நான் நிமிரவில்லை. நிமிர முடியவில்லை என்று சொல்வதே சரி.

நினைவு வருவதற்கு ஒரு வினாடிதான் ஆயிற்று. முதல் அண்டாவை நானும் மாணிக்கவாசகமும் ஆளுக்கொரு காதைப் பிடித்துக் கீழே கொண்டுவந்தோம். மடக்கு மேசையின் ஒரு கால் விரிய மறுத்தது. வெயில், கூட்டம், நாதஸ்வரமும் பக்கத்தில் கேட்டுவிட்டது. அண்டாவின் காது என் கையை அறுத்தது. தோளில் கிடந்த துண்டை பானட்டில் வீசி, என் பக்கத்தை இறக்கிவிட்டேன். “சார், சார், கார் மேல வேணாம் சார்” என்றது ஒரு குரல். “ரெண்டு நிமிஷம்டா, நீ வாய மூடிண்டு மேல போய் டம்ளர எடுத்துண்டு வா” என்றது இன்னொரு குரல். இரண்டாவது குரல் என்னுடையது. ஒரு காதை நான் விட்டுவிட்ட பிறகு அந்த மனுஷர் மறு காதை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? வைத்துவிட்டு டம்ளர் எடுக்க ஓடினார். நான் மேசைக் காலை உதைத்து விரித்து, பக்கத்தில் நின்றவரைக் கூப்பிட்டு அண்டாவை மாற்றிவிட்டு, அதோடு அதை மறந்தும் போனேன்.

கேட்டை விட்டு அவரை அனுப்பினதே நான். மூன்று பக்கக் கடிதம் எழுதினதும் நான்.

மாடிக்குப் போய்க் காலி அண்டாவை எடுத்துவந்தேன். மதுமதி எதற்கு என்று கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை. துண்டைப் போட்டு, அந்த வட்டத்தில் அண்டாவை வைத்துப் பார்த்தேன். அது அங்கேயே வார்த்த மாதிரி உட்கார்ந்தது. தெய்வாதீனமாக மாணிக்கவாசகம் அப்போது லாரிக்காரரோடு குழாயைப் பிடித்துக்கொண்டு பின்பக்கம் இருந்தார்.

வெட்கமாக இருந்தது. அதை மறைக்கவில்லை. ஆனால் வெட்கம் வந்த உடனே மனிதன் நல்லவனாகிவிடுவான் என்று யாரும் நினைக்க வேண்டாம். எனக்கு உடனே தோன்றியது வேறு.

“ஏம்மா, இன்னிக்கே முழுசா எடுத்துட முடியுமா?”

“முடியும் சார். ஒரு மணிக்குள்ள முடிச்சுடலாம்.”

“எடுத்துடு. பள்ளமே இல்லேன்னா கேஸும் இல்ல. நாளைக்கு மீட்டிங்ல, போனா போறது, வயசானவன், மன்னிச்சுட்டேன்னு சொல்லிடறேன். வேலையும் போகாது. எல்லாருக்கும் நல்லது.”

ரெனிட்டா விளக்குப் பலகையை நிமிர்த்தி வைத்தார். பையிலிருந்து நீளமான கம்பியை எடுத்து, பானட்டின் உள்சட்டத்தில் ஒரு கொக்கியை மாட்டி, அதில் கம்பியைத் தொங்கவிட்டு வேலையை ஆரம்பித்தார்.

அந்த வேலையைப் பார்ப்பதே ஒரு சுகம். வலது கை கம்பியின் வால்பக்கத்தைப் பிடித்திருக்கும். கண் கோட்டை விட்டு அகலாது. ஒரு தள்ளு. தள்ளு என்றால் பலமெல்லாம் இல்லை, கதவுக்கு வெளியே நின்று “உள்ளே வரலாமா” என்று கேட்கிற மாதிரி. வளைந்த கோடு ஒரு நூல் நேராகும். அதற்குப் பக்கத்தில் இன்னொரு தள்ளு. நடுநடுவே ஒரு பிளாஸ்டிக் உளியை வைத்து மேலிருந்து டொக் டொக் என்று தட்டுவார். இரண்டு மணி நேரத்தில் நூறு தள்ளாவது இருக்கும். பேசினதெல்லாம் ஆரம்பத்தில்தான். வேலை ஏறிய பிறகு வாயைத் திறக்கவில்லை. மதுமதி கொண்டுவந்த காபி ஆறிப்போயிற்று.

பன்னிரண்டரைக்குக் கம்பிகளைத் துடைத்துப் பையில் போட ஆரம்பித்தார். பார்த்தேன். தட்டு அகலப் பள்ளம் காணோம். மாணிக்கவாசகத்தின் பக்கத்து வட்டமும் காணோம். டிரைவர் பக்கத்தில் மட்டும், என் பக்கத்தில் மட்டும், பிறை மாதிரி ஒரு வளைவு அப்படியே இருந்தது.

“இது?”

“திங்கக்கிழமை வந்து எடுத்துடறேன் சார்.”

“ஒரு மணிக்குள்ள முடிச்சுடலாம்னியே?”

“முடிச்சுடலாம்தான். ஆனா முதல்ல எறங்கினது கடைசியிலதான் வரும்னு சொன்னேன்ல சார்.” ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பிவிட்டுத் திரும்பினார். “யாருன்னு நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன் சார். அத நினைச்சு நீங்க பயப்படாதீங்க.”

பயப்படாதே என்று சொல்லிவிட்டு ஒருவரை இப்படி மாட்டிவிட முடியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். சாயந்திரம் வரை எனக்கு அந்தம்மா மேல் கோபம். மதுமதியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் திட்டுவாள் என்று பார்த்தேன். திட்டவில்லை. “அந்த அண்டாவ நன்னாத் துடைச்சு வைக்கறேன். நாளைக்கு எல்லார் கண்ணுலயும் படணுமே” என்று மட்டும் சொன்னாள். என்ன செய்யப்போகிறேன் என்று எனக்கே தெரியுமுன் அவளுக்குத் தெரிந்துவிட்டது.

ஞாயிறு காலை பதினோரு மணிக்குக் கார் நிறுத்துமிடத்தில் கூட்டம். பன்னிரண்டு வீட்டிலிருந்தும் ஆள். மாணிக்கவாசகம் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வந்திருந்தார். வேலையை விட்டு அனுப்பும்போது மரியாதையாக இருக்க வேண்டும் என்று நினைத்திருப்பார். அதைப் பார்த்ததும், இரவெல்லாம் தயார் செய்து வைத்திருந்த வாக்கியங்கள் எல்லாம் எனக்குப் போய்விட்டன.

எழுந்து, துண்டைப் போட்டு, அண்டாவை பானட்டில் வைத்தேன். அண்டாவின் அடியும் அந்தப் பிறையும் எப்படிப் பொருந்துகின்றன என்று குனிந்து பார்க்கச் சொன்னேன். “இத வெச்சது நான்” என்றேன். “கேட்ட விட்டு இவர டம்ளர் எடுக்க அனுப்பினதும் நான். நான் எழுதின லெட்டர்ல என் பேரைத் தவிர ஒண்ணும் நிஜம் இல்ல.”

ஒவ்வொருவராக வந்து குனிந்து பார்த்தார்கள். அப்புறம் மூன்றாம் மாடிக்காரர் ஒருவர் சிரித்துவிட்டார். உடனே எல்லாரும் சிரித்தார்கள். அனுப்ரியா, தீர்மானம் தள்ளுபடி என்று சொல்லக்கூட முடியாமல் சிரித்தாள். நானும் சிரித்தேன், என்ன செய்வது.

மாணிக்கவாசகம் சிரிக்கவில்லை. நான் அவர் பக்கம் போனேன். “அன்னிக்கு நீங்க ‘கார் மேல வேணாம்’னு சொன்னேளே. அத ஏன் திரும்பச் சொல்லல? இவர்தான் வெச்சார்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.”

“இன்னா சார் நீங்க. சொல்லியிருந்தா, பழிய தூக்கி என் தலையில போடுறான்னு நாலாவது பக்கம் ஒண்ணு எழுதியிருப்பீங்க.” சொல்லிவிட்டுக் கொஞ்சம் நிறுத்தினார். “வேல போறது கூட பரவால்ல சார். அந்த லெட்டர யாரோ அனுப்பி என் பையன் போனுக்கு வந்துக்கீது. அவன் படிச்சுக் காட்டுறான். பொறுப்பு இல்லாதவன்னு போட்டிருந்தீங்க. பதினோரு வருசமா ஒருநா லீவு போட்டா கூட மனசு இங்கதான் சார் சுத்திக்கினு இருக்கும். புள்ள அதப் படிச்சுட்டு என் மூஞ்சப் பாக்குறான் சார்.”

சிரிப்பு நின்றுவிட்டது. முப்பத்திரண்டு வருஷத்தில் எத்தனை பேரை இப்படிச் சுழித்திருப்பேன் என்று ஒரு கணம் தோன்றியது. அன்றைக்கு மத்தியானம் அதே குழுவில் இன்னொரு கடிதம் போட்டேன். நடந்ததை நடந்தபடி எழுதினேன், நாலு பக்கம் வந்தது. அதைப் பையனுக்கு அனுப்புங்கள் என்று மாணிக்கவாசகத்தின் போனுக்கும் நானே அனுப்பினேன்.

திங்கட்கிழமை காலை ரெனிட்டா வந்தார். ஞாயிற்றுக்கிழமை என்ன ஆயிற்று என்று கேட்கவே இல்லை. பானட்டில் அண்டா வைத்த புதுத் தடம், லேசான தூசி வட்டம் ஒன்று, இருந்தது. அதைப் பார்த்தார். துணியால் துடைத்தார். “சரி, எடுத்துடலாம் சார்” என்றார். முகம் மட்டும் மலர்ந்திருந்தது.

முக்கால் மணி நேரத்தில் பிறை காணாமல் போயிற்று. விளக்குப் பலகையில் கோடுகள் பள்ளிக்கூட நோட்டு மாதிரி நேராக ஓடின. நான் குனிந்து, சாய்ந்து, கையால் தடவி, குறை கண்டுபிடிக்க முழு அனுபவத்தையும் செலவழித்துப் பார்த்தேன். ஒன்றும் கிடைக்கவில்லை. “பிரமாதம்மா” என்றேன்.

ரெனிட்டா என்னைக் கவனிக்கவில்லை. “அண்ணே, கொஞ்சம் வந்து பாத்துச் சொல்லுங்க” என்று கேட்டைப் பார்த்துக் கூப்பிட்டார்.

மாணிக்கவாசகம் வந்தார். முதலில் தயங்கினார். நான், “நீங்களே பாத்துச் சொல்லுங்கோ” என்றேன். அவர் ஒரு பக்கம் நின்று பார்த்தார். மறுபக்கம் போய்ப் பார்த்தார். மூக்கு பானட்டில் படுகிற மாதிரி குனிந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார். கார்ச் சொந்தக்காரன் நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

“இத்தினூண்டு கீது மா” என்றார், டிரைவர் பக்கத்தில் ஓர் இடத்தை விரலால் தொட்டு.

எனக்கு வாய் வரை வந்துவிட்டது. ஒன்றுமே இல்லாத இடத்தில் என்ன இருக்கிறது என்று கேட்கத் துடித்தேன். ரெனிட்டா என்னைத் திரும்பிப் பார்க்காமலே கம்பியை மறுபடி கொக்கியில் மாட்டினார். “எங்கண்ணே, இங்கயா?” “கொஞ்சம் இந்தாண்ட.” “இங்க?” “ஆங், அங்கதான்.” அரை மணி நேரம் அவர் காட்டக் காட்ட இவர் தள்ளினார். தள்ளினாரா, தள்ளுகிற மாதிரி கம்பியை வைத்திருந்தாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நான் கேட்கவும் இல்லை.

கடைசியில் மாணிக்கவாசகம் பின்னால் ஓர் அடி நகர்ந்து, தலையைச் சாய்த்துப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“இப்ப ஓகே சார்” என்றார்.

“சரி” என்றேன். அவர் சொன்னதை நான் மறுபேச்சில்லாமல் கேட்டது, பதினோரு வருஷத்தில் அதுதான் முதல் தடவை.